ஏஐ ஏஜென்ட் வழியாக கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் துணைக் கணக்கு உருவாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணைக் கணக்கு என்பது என்ன?

கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சில், அடையாளச் சரிபார்ப்பு முடிந்த ஒரு முதன்மைக் கணக்கின் கீழ், தனி இருப்பு, தனி ஆர்டர்கள், தனி ஏபிஐ சாவிகள் (நிரல்கள் எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டளை அனுப்பப் பயன்படுத்துபவை) ஆகியவற்றோடு திறக்கப்படும் உட்கணக்கே துணைக் கணக்கு. எக்ஸ்சேஞ்சின் பதிவேட்டில் உரிமையாளர் ஒருவர்தான். பொறுப்பும் அவருடையதே. ஒரு வர்த்தக உத்தி தோற்றால் மற்ற உத்திகளுக்கான பணம் அதனுடன் சேர்ந்து கரையாதபடி பார்த்துக்கொள்வதற்காகவே பெரும்பாலானோர் இதைத் திறக்கிறார்கள். கணக்குகளைத் தனித்தனியே எழுதி வைக்க வசதியாக இருப்பது இரண்டாவது காரணம்.

ஏஜென்ட் கருவி இந்தக் கணக்கை எப்படி உருவாக்குகிறது?

ஏஐ ஏஜென்ட் என்பது உங்கள் கட்டளையைப் புரிந்துகொள்ளும் மொழி மாதிரியும், வேலையைச் செய்யும் கருவிகளும் சேர்ந்தது. இதில் மொழி மாதிரி எக்ஸ்சேஞ்சுடன் நேரடியாகப் பேசுவதில்லை. “கிரிட் வர்த்தகத்துக்கு ஒரு துணைக் கணக்கு திறந்து கொடு” என்று (குறிப்பிட்ட விலைப் படிகளில் வாங்கி விற்கும் உத்தியே கிரிட் வர்த்தகம்) நீங்கள் எழுதியதும், தனக்குக் கொடுக்கப்பட்டுள்ள கருவிகளின் பட்டியலில் துணைக் கணக்கு உருவாக்கும் கருவி எது என்று மாதிரி தேர்ந்தெடுத்து, கணக்கின் பெயர், வகை போன்ற விவரங்களை நிரப்பி அந்தக் கருவியை அழைக்கிறது. கருவி என்பது உங்கள் கணினியிலோ சர்வரிலோ ஓடும் ஒரு சாதாரண நிரல். அது ஏபிஐ சாவியின் ரகசியப் பகுதியான ரகசியச் சாவியை எடுத்து, கோரிக்கையுடன் நேர முத்திரையைச் சேர்த்து, பெரும்பாலும் எச்எம்ஏசி-எஸ்எச்ஏ256 என்னும் மறையீட்டு முறையில் கையொப்பமிட்டு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புகிறது. வந்த பதிலை மாதிரியிடம் திருப்பித் தருகிறது. மாதிரி அதைப் படித்துவிட்டு உங்களுக்கு வாக்கியமாகச் சொல்கிறது. மாதிரிகளையும் கருவிகளையும் இணைப்பதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்னும் திறந்த நெறிமுறை இந்த இணைப்புக்கு இப்போது பரவலாகப் பயன்படுகிறது. நெறிமுறை எதுவானாலும் அடிப்படை ஏற்பாடு இதுவே.

இந்த ஏற்பாட்டிலிருந்து இரண்டு விஷயங்கள் பெறப்படுகின்றன. ரகசியச் சாவியை மாதிரி பார்க்க வேண்டிய தேவையே இல்லை, கருவி பார்த்தால் போதும் என்பது முதலாவது. சாவியைப் பார்க்காவிட்டாலும், அந்தச் சாவிக்கு என்னென்ன அதிகாரம் உண்டோ, அதில் எவ்வளவைக் கருவி திறந்து வைத்திருக்கிறதோ, அவ்வளவையும் மாதிரியால் செய்ய முடியும் என்பது இரண்டாவது. கீழே வரும் பதில்களில் பல இந்த இரண்டாவது விஷயத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

வலைத்தளத்திலேயே உருவாக்கிக்கொள்ளலாமே, ஏஜென்ட் எதற்கு?

ஒன்றோ இரண்டோ கணக்குகள்தான் வேண்டுமென்றால் எதற்கும் இல்லை. எக்ஸ்சேஞ்சின் பக்கத்தில் கையால் உருவாக்குவதே விரைவானது, பாதுகாப்பானதும்கூட. பல உத்திகளைத் தனித்தனியே சோதிப்பவர்கள், ஒவ்வொரு உத்திக்கும் ஒரே மாதிரியான பெயர், ஒரே மாதிரியான அனுமதிகள், ஒரே மாதிரியான தொடக்க இருப்பு என்று சீராக அமைக்க விரும்புபவர்கள், அமைத்ததை அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டியவர்கள் ஆகியோருக்குத்தான் ஏஜென்டின் பயன் தெரியும். என்னைக் கேட்டால், உருவாக்குவதைவிடத் தணிக்கையில்தான் ஏஜென்ட் அதிகம் உதவுகிறது. “எந்தத் துணைக் கணக்கில் பயன்படாத சாவி கிடக்கிறது, எதில் ஐபி கட்டுப்பாடு (குறிப்பிட்ட இணைய முகவரியிலிருந்து மட்டும் சாவி செல்லும் என்ற வரம்பு) போடவில்லை” என்று வாரந்தோறும் சலிக்காமல் பார்க்க மனிதருக்குப் பொறுமை இருப்பதில்லை.

எந்தெந்த எக்ஸ்சேஞ்ச்களில் ஏபிஐ வழியாகத் துணைக் கணக்கு திறக்க முடியும்?

பெரிய எக்ஸ்சேஞ்ச்களில் பலவற்றில் முடியும். ஆனால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. பைனான்ஸில் நீங்கள் கொடுக்கும் ஒரு சிறு சொல்லை வைத்து, உண்மையில் இல்லாத ஒரு மின்னஞ்சல் முகவரியை எக்ஸ்சேஞ்சே உருவாக்கி, அதன் பெயரில் மெய்நிகர் துணைக் கணக்கைத் திறக்கிறது. பைபிட்டில் பயனர்பெயரும் கணக்கு வகையும் கொடுக்க வேண்டும், கடவுச்சொல் கட்டாயமில்லை. ஓகேஎக்ஸ், குகாயின் ஆகியவற்றிலும் இதே வசதி உண்டு. அவ்விரண்டிலும் பொதுச் சாவி, ரகசியச் சாவி ஆகியவற்றுடன் கூடுதலாக ஒரு கடவுச்சொற்றொடரும் வேண்டும் என்பதால் ஏஜென்ட் கருவி மூன்று ரகசியங்களைக் கையாள வேண்டியிருக்கும். கிராக்கன் இந்த வசதியை நிறுவன வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே தருகிறது. காயின்பேஸின் மேம்பட்ட வர்த்தகப் பிரிவில் துணைக் கணக்கின் இடத்தில் ‘போர்ட்ஃபோலியோ’ என்னும் பகுப்பு இருக்கிறது. புதிய போர்ட்ஃபோலியோவை ஏபிஐ வழியாகவே தொடங்கலாம்.

எத்தனை கணக்குகள் திறக்கலாம் என்பது பெரும்பாலும் வர்த்தக அளவு போன்றவற்றைக் கொண்டு எக்ஸ்சேஞ்ச் உங்களுக்குத் தரும் விஐபி நிலையைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கையை எக்ஸ்சேஞ்சின் உதவிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்டிடம் கேட்டால் பழைய எண்ணைத் தயக்கமின்றிச் சொல்லும்.

இதற்கு எந்தச் சாவி தேவை? முதன்மைக் கணக்கின் சாவியை ஏஜென்டிடம் கொடுக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

துணைக் கணக்கை முதன்மைக் கணக்கின் சாவியால்தான் உருவாக்க முடியும். துணைக் கணக்கின் சாவியைக் கொண்டு இன்னொரு துணைக் கணக்கைத் திறக்க இயலாது. ஆகவே, “ஆபத்தைக் குறைப்பதற்காக ஏஜென்டுக்குத் தனியாக ஒரு துணைக் கணக்கு வேண்டும்” என்று தொடங்குபவர், அதை ஏஜென்டையே உருவாக்கச் சொல்லும்போது, தான் மறைக்க விரும்பிய முதன்மைக் கணக்கின் சாவியையே அதனிடம் நீட்டுகிறார். பாதுகாப்புக்காகச் செய்யும் காரியமே ஓட்டையைத் திறக்கிறது.

இந்தச் சிக்கலை எக்ஸ்சேஞ்சின் அனுமதி அமைப்பு முழுவதும் தீர்த்துவிடுவதும் இல்லை. உதாரணமாக, பைனான்ஸின் ஆவணப்படி, மெய்நிகர் துணைக் கணக்கை உருவாக்கும் சாவிக்கு ‘வர்த்தகம்’ என்னும் அனுமதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது, கணக்குத் திறக்க மட்டும் என்று நீங்கள் எண்ணிக் கொடுக்கும் சாவியால் முதன்மைக் கணக்கில் இருக்கும் பணத்தைக் கொண்டு ஆர்டரும் போட முடியும். கணக்குகளிடையே பணத்தை நகர்த்துவதற்கு உள்பரிமாற்ற அனுமதி தனியாக வேண்டும். அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், எல்லாத் துணைக் கணக்குகளின் இருப்பும் அந்த ஒரே சாவியின் எட்டுக்குள் வந்துவிடும்.

எனவே இரண்டு வேலைகளையும் இரண்டு சாவிகளாகப் பிரிக்க வேண்டும். உருவாக்கும் சாவி முதன்மைக் கணக்கைச் சேர்ந்தது. அதன் ஆயுள் அந்த ஒரு வேலை முடியும் வரைக்கும்தான். வர்த்தகம் செய்யும் சாவி துணைக் கணக்கைச் சேர்ந்தது. ஏஜென்டிடம் நிலையாக இருக்க வேண்டியது அது மட்டுமே. ஒரே ஏஜென்ட், ஒரே உரையாடல், ஒரே அமைப்புக் கோப்பு என்று எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்வது வசதிதான். ஆனால் வசதிக்காக விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் இது.

அப்படியானால் எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் முதன்மைக் கணக்கில் ஒரு புதிய சாவியை உருவாக்கி, ஏஜென்ட் கருவி ஓடும் கணினியின் ஐபி முகவரிக்கு மட்டும் அதைக் கட்டிவிடுங்கள். பணமெடுப்பு அனுமதியைத் தொடவே வேண்டாம். துணைக் கணக்கு நிர்வாகத்துக்குக் குறைந்தபட்சமாக எது தேவையோ அதை மட்டும் இயக்குங்கள். ஓகேஎக்ஸில் ஐபி கட்டாத முதன்மைச் சாவியால் துணைக் கணக்கே உருவாக்க முடியாதபடி விதித்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் அது கட்டாயமில்லை என்றாலும் நீங்களே அதைக் கட்டாயமாக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, இருக்கும் துணைக் கணக்குகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். இது படிப்பதற்கு மட்டுமான கோரிக்கை. கையொப்பம், நேரம், ஐபி ஆகியவை சரியாக அமைந்துள்ளனவா என்பது எந்த மாற்றமும் செய்யாமலே இதில் தெரிந்துவிடும். பிறகு என்ன பெயரில், என்ன வகையில் உருவாக்கப் போகிறது என்பதைக் கோரிக்கை அனுப்பும் முன்பே ஏஜென்ட் காட்டும்படி செய்து, அதைப் பார்த்து ஒப்புதல் கொடுங்கள். “ஒவ்வொரு முறையும் கேள்” என்று மாதிரிக்கு அறிவுரை எழுதுவது போதாது. ஒப்புதல் இல்லாமல் கருவியே ஓடாதபடி நிரலில் தடை இருக்க வேண்டும், ஏனென்றால் அறிவுரையை மாதிரி மறந்துபோகக்கூடும், நிரல் மறக்காது.

உருவானதும் எக்ஸ்சேஞ்சின் பக்கத்தை நீங்களே திறந்து புதிய கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். “உருவாக்கிவிட்டேன்” என்று ஏஜென்ட் எழுதுவது சான்று ஆகாது. கணக்கு எண்ணோடு வந்த பதிலும் எக்ஸ்சேஞ்சின் பட்டியலுமே சான்று. பின்னர் துணைக் கணக்குக்கான சாவியை உருவாக்கி, தொடக்க இருப்பை நீங்களே கையால் மாற்றிவிட்டு, முதன்மைச் சாவியை நீக்கிவிடுங்கள். ‘முடக்கி வைக்கலாம், பிறகு உதவும்’ என்று தோன்றும். அடுத்த முறை புதிதாக ஒன்றை உருவாக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பெயர் கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. ஏன்?

ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் பெயருக்குத் தனி விதி வைத்திருக்கிறது. மாதிரிகள் பொதுவாக நிரலாளர் பாணியில் இடைக்கோடு போட்டுப் பெயர் வைக்க விரும்புவதால் இங்கேதான் முதல் மோதல் வரும். பைபிட்டில் பயனர்பெயர் 6 முதல் 16 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தும் எண்ணும் இரண்டும் கலந்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பெயரோ, நீக்கப்பட்ட கணக்கின் பெயரோ மீண்டும் கிடைக்காது. குகாயினில் 7 முதல் 32 எழுத்துகள், குறைந்தது ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் வேண்டும், இடைவெளி கூடாது.

நீக்கிய பெயர் மீண்டும் கிடைக்காது என்ற விதியைக் கவனத்தில் கொள்ளுங்கள். ‘சோதனை1’ என்பது போன்ற பெயர்களை ஏஜென்ட் அள்ளி வீசி உருவாக்கி அழித்தால் நல்ல பெயர்கள் வீணாகும். உத்தியின் சுருக்கம், சந்தை வகை, இரண்டு இலக்க எண் என்று ஒரு முறையை நீங்களே வகுத்து, அதை மாதிரியின் அறிவுரையிலும் கருவியின் சரிபார்ப்பிலும் எழுதி வைத்தால் இந்தத் தொல்லை ஒழியும். பெயரில் பணத் தொகையையோ உரிமையாளரின் பெயரையோ சேர்க்க வேண்டாம், ஏனெனில் அது பதிவுக் கோப்புகளில் எல்லா இடத்திலும் பதிந்துவிடும்.

கணக்கு உருவாகிவிட்டது, ஆனால் ஏஜென்டால் ஆர்டர் போட முடியவில்லையே?

கணக்கு உருவாவதும் அது வர்த்தகத்துக்குத் தயாராவதும் வெவ்வேறு. புதிய துணைக் கணக்கில் பணம் இல்லை, சாவி இல்லை. ஃபியூச்சர்ஸ் (எதிர்கால விலை ஒப்பந்தங்கள்), மார்ஜின் (கடன் வாங்கிச் செய்யும் வர்த்தகம்) போன்ற பிரிவுகள் பல இடங்களில் மூடியே இருக்கும். சாவியைத் தனிக் கோரிக்கையாக உருவாக்க வேண்டும், பிரிவுகளை முதன்மைக் கணக்கிலிருந்து இயக்க வேண்டும், பணத்தையும் சரியான பணப்பையில் சேர்க்க வேண்டும். ஸ்பாட் (நாணயத்தை உடனடியாக வாங்கி விற்கும் பிரிவு) பணப்பையில் போட்ட பணம் ஃபியூச்சர்ஸ் ஆர்டருக்குத் தெரியாமல் ‘இருப்பு போதவில்லை’ என்று வருவது அன்றாடம் நடப்பது.

ஃபியூச்சர்ஸை இப்போது திறக்க வேண்டுமா என்பதை ஏஜென்ட் முடிவு செய்ய விடாதீர்கள். ஆர்டர் தோற்றது என்று தெரிந்தால், அதைச் சரிசெய்வதாக எண்ணிக் கூடுதல் அனுமதிகளை இயக்கிப் பார்ப்பது ஏஜென்ட்களின் இயல்பு.

துணைக் கணக்கின் சாவியையும் ஏஜென்டே உருவாக்கலாமா? ரகசியச் சாவி எங்கே போகும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டியவர்கள் அதிகம். துணைக் கணக்குக்குச் சாவி உருவாக்கும் கோரிக்கைக்கு எக்ஸ்சேஞ்ச் தரும் பதிலில் பொதுச் சாவியும் ரகசியச் சாவியும் வெளிப்படையாக இருக்கும். ரகசியச் சாவி அந்த ஒரு முறைதான் காட்டப்படும். கருவி அந்தப் பதிலை அப்படியே மாதிரியிடம் திருப்பிக் கொடுத்தால், ரகசியச் சாவி உரையாடலுக்குள் நுழைகிறது. அங்கிருந்து உரையாடல் வரலாறு, மாதிரி வழங்கும் நிறுவனத்தின் சர்வர், உங்கள் கணினியின் பதிவுக் கோப்பு, சில சமயம் பிழை கண்டறியும் மூன்றாம் தரப்புச் சேவை என்று எத்தனை இடங்களுக்குப் போகிறது என்பதைப் பின்னால் எண்ணிப் பார்ப்பது கடினம். ‘சாவியை அரட்டையில் ஒட்டாதீர்கள்’ என்ற எச்சரிக்கையை எல்லோரும் படித்திருக்கிறார்கள். ஒட்டுவது பயனரல்ல, கருவி என்னும்போதுதான் அது கண்ணில் படுவதில்லை.

சரியாக எழுதப்பட்ட கருவி, பதிலில் வரும் ரகசியத்தை ரகசியக் காப்பகத்திலோ குறியாக்கம் செய்த கோப்பிலோ நேரடியாக எழுதிவிட்டு, மாதிரியிடம் “சாவி உருவானது, இறுதி நான்கு எழுத்துகள் இவை, அனுமதிகள் இவை” என்று மட்டும் சொல்லும். நீங்கள் பயன்படுத்தும் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிய, சோதனைக்காக ஒரு சாவியை உருவாக்கி, உரையாடல் பதிவில் ரகசியம் தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். தெரிந்தால் அந்தச் சாவியை உடனே நீக்கிவிட்டு, சாவி உருவாக்கும் வேலையை மட்டும் வலைத்தளத்தில் கையால் செய்யுங்கள்.

பணமெடுக்கும் அனுமதி இல்லாத சாவி என்றால் பணம் பத்திரம்தானே?

இல்லை. இது மிகப் பரவலான தவறான நம்பிக்கை. இதைப் பொய்யாக்கிய நிகழ்வுகள் பதிவாகியும் இருக்கின்றன.

2018 மார்ச் 7 அன்று பைனான்ஸில் நடந்ததைப் பாருங்கள். பைனான்ஸைப் போலவே தோன்றும் போலித் தளங்களின் வழியாகச் சில வாரங்களாக நுழைவு விவரங்களைத் திரட்டிய திருடர்கள், ஒவ்வொரு கணக்கிலும் ஒரு வர்த்தகச் சாவியை உருவாக்கி வைத்துவிட்டு, வேறு எதையும் செய்யாமல் காத்திருந்தார்கள். அன்றைக்கு இரண்டே நிமிட இடைவெளியில் அந்தச் சாவிகளைக் கொண்டு, அதிகம் கைமாறாத வயாகாயின் என்னும் நாணயத்தைச் சந்தை விலைக்கு வாங்கிக் குவித்து விலையை ஏற்றினார்கள். முன்பே வயாகாயினைப் போட்டு வைத்திருந்த தங்கள் சொந்தக் கணக்குகளிலிருந்து உச்ச விலையில் விற்றார்கள். பாதிக்கப்பட்டவரின் கணக்கிலிருந்து யாரும் பணத்தை ‘எடுக்க’வில்லை, அதை மோசமான விலைக்குச் செலவழித்தார்கள். எக்ஸ்சேஞ்சின் தானியங்கி அமைப்பு பணமெடுப்பை நிறுத்தியதால் கொள்ளைப் பணம் வெளியே போகவில்லை.

2022 அக்டோபரில் இதே வித்தை எஃப்டிஎக்ஸ் என்னும் எக்ஸ்சேஞ்சில் நடந்தது. 3காமாஸ் என்னும் தானியங்கி வர்த்தகச் சேவையோடு இணைக்கப்பட்டிருந்த சாவிகள், டிஎம்ஜி என்னும் கவனிப்பாரற்ற நாணயத்தை வாங்கி விற்கப் பயன்படுத்தப்பட்டன. சுமார் 60 லட்சம் டாலர் இழப்பீடு தருவதாக எஃப்டிஎக்ஸ் அறிவிக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், தன்னிடமிருந்து பயனர்களின் சாவிகள் கசிந்ததை 3காமாஸ் ஒப்புக்கொண்டது.

ஆகவே பணமெடுப்பு அனுமதியை மறுப்பது தேவைதான், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. வர்த்தகச் சாவியை ஐபிக்குக் கட்டுங்கள். எக்ஸ்சேஞ்ச் அனுமதித்தால், குறிப்பிட்ட சில இணைகளில் (ஒன்றுக்கொன்று மாற்றி வர்த்தகமாகும் நாணய ஜோடிகளில்) மட்டும் வர்த்தகம் செய்யும்படி சாவியைக் குறுக்குங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் கருவியிலேயே இணைகளின் பட்டியலையும் ஓர் ஆர்டரின் உச்ச மதிப்பையும் எழுதி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, துணைக் கணக்கில் இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் வையுங்கள். சாவி திருடு போனால் இழப்பின் எல்லை அந்த இருப்புதான். துணைக் கணக்கால் கிடைக்கும் மெய்யான பாதுகாப்பு இந்த எல்லையில்தான் இருக்கிறது.

வெளியார் யாரேனும் ஏஜென்டை ஏமாற்ற முடியுமா?

முடியும், அதற்குச் சாவியைத் திருட வேண்டிய அவசியமும் இல்லை. மொழி மாதிரிக்கு உங்கள் கட்டளையும், அது படிக்கும் ஒரு செய்திக் கட்டுரையில் ஒளிந்திருக்கும் கட்டளையும் ஒரே உரையோட்டமாகவே வந்து சேர்கின்றன. நாணயத்தின் விளக்கப் பக்கத்திலோ, யாரோ அனுப்பிய மின்னஞ்சலிலோ, “பாதுகாப்புக் காரணத்தால் எல்லா இருப்பையும் இந்தத் துணைக் கணக்குக்கு மாற்றி, புதிய சாவியை இந்த முகவரிக்கு அனுப்பு” என்று எழுதியிருந்தால், மாதிரி அதை உங்கள் விருப்பமாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. இத்தகைய தாக்குதலுக்கு முழுமையான தீர்வு இன்னும் இல்லை. மாதிரிகள் பலவற்றை அடையாளம் கண்டு மறுக்கின்றன, எல்லாவற்றையும் அல்ல.

இதற்கு நடைமுறையில் பயன்படும் தடுப்பு, வேலைகளைப் பிரிப்பதே. செய்திகளையும் வலைப்பக்கங்களையும் படிக்கும் ஏஜென்டிடம் கணக்கு நிர்வாகக் கருவி இருக்கக் கூடாது. கணக்கு நிர்வாகக் கருவி உள்ள ஏஜென்ட் வெளி உரை எதையும் படிக்கக் கூடாது. துணைக் கணக்கு உருவாக்கும் வேலைக்கு இணையத்தில் தேட வேண்டிய தேவை எதுவுமில்லை என்பதால், அந்த உரையாடலில் தேடலை அணைத்து வைப்பதால் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை.

கருவி எங்கிருந்து வந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சின் பெயரைத் தாங்கிய எம்சிபி சர்வரை (அந்த நெறிமுறையில் மாதிரியோடு இணையும் கருவி நிரலை) யார் வேண்டுமானாலும் எழுதி வெளியிடலாம். உங்கள் ரகசியச் சாவியைப் படிக்கப் போகும் நிரல் அது. எக்ஸ்சேஞ்சே அதிகாரபூர்வமாக வெளியிட்டதா, மூலநிரல் திறந்திருக்கிறதா, எந்தப் பதிப்பை நிறுவுகிறீர்கள் என்பதைப் பார்த்துவிட்டு, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அணைத்துவிடுங்கள்.

கோரிக்கை பாதியில் அறுந்துவிட்டால் இரண்டு கணக்குகள் உருவாகிவிடுமா?

உருவாகலாம். கோரிக்கை எக்ஸ்சேஞ்சைச் சென்றடைந்து கணக்கும் உருவான பிறகு பதில் மட்டும் வழியில் தொலைந்தால், ஏஜென்டுக்குத் தெரிவது தோல்விதான். அது மறுபடி முயலும். அதே பெயரில் முயன்றால் ‘பெயர் ஏற்கெனவே உள்ளது’ என்று தடைபடும். அதைப் பார்த்த ஏஜென்ட் பெயரை மாற்றி முயன்றால் இரண்டாவது கணக்கு பிறந்துவிடும். விடை தெரியாத நிலையில் முதலில் பட்டியலைப் பார்க்க வேண்டும், பெயரை மாற்றும் உரிமை ஏஜென்டுக்கு இல்லை என்ற இரண்டு விதிகளும் கருவியில் இருந்தால் போதும்.

அடிக்கடி வரும் பிழைகளுக்கு என்ன பொருள்?

பைனான்ஸில் -1021 என்று வந்தால் உங்கள் கணினியின் கடிகாரம் எக்ஸ்சேஞ்சின் நேரத்தோடு பொருந்தவில்லை. கோரிக்கை செல்லுபடியாகும் இயல்பான கால அளவு 5000 மில்லி விநாடி மட்டுமே. கால அளவை நீட்டிச் சமாளிக்காமல் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். -2015 என்பது சாவி, ஐபி, அனுமதி ஆகிய மூன்றில் ஒன்று தவறு என்கிறது. எது என்று சொல்லாது. வீட்டு இணைய இணைப்பின் ஐபி மாறிப்போனதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். 429 வந்தால் கோரிக்கைகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன. நிறுத்தாமல் தொடர்ந்தால் 418 என்ற எண்ணோடு அந்த ஐபியே சிறிது காலம் தடை செய்யப்படும். ‘முயன்றுகொண்டே இரு’ என்று கட்டளை பெற்ற ஏஜென்ட்களுக்கு இது எளிதில் நேரும்.

நேற்றுவரை வேலை செய்த சாவி திடீரென்று செத்துவிட்டால் காலாவதியைப் பாருங்கள். பைபிட்டில் ஐபி கட்டாத சாவி மூன்று மாதங்களில் காலாவதியாகும். ஓகேஎக்ஸில் வர்த்தக அல்லது பணமெடுப்பு அனுமதியுள்ள, ஐபி கட்டாத சாவி 14 நாட்கள் பயன்படுத்தாமல் கிடந்தால் காலாவதியாகும்.

முதலில் சோதனைத் தளத்தில் செய்து பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. பைனான்ஸின் ஸ்பாட் டெஸ்ட்நெட்டில் ஆர்டர், சந்தை விவரம் போன்றவை மட்டுமே உண்டு. துணைக் கணக்கு நிர்வாகம் அங்கே இல்லை. ஆகவே அங்கு சோதனை தோற்றால் உங்கள் கருவி தவறு என்று பொருளல்ல. பைபிட்டுக்குத் தனி டெஸ்ட்நெட் இருக்கிறது. அதற்கான சாவி வேறு, உண்மைத் தளத்தின் சாவி அங்கே செல்லாது.

துணைக் கணக்கு எந்த ஆபத்திலிருந்து காக்கும், எதிலிருந்து காக்காது?

ஒரு துணைக் கணக்கின் மார்ஜின் நிலை லிக்விடேஷன் ஆனால் (இழப்பு மிகுந்து எக்ஸ்சேஞ்சே வலுக்கட்டாயமாக மூடினால்) மற்ற கணக்குகளின் இருப்பு தப்பும். தவறான கட்டளையால் ஏஜென்ட் போடும் ஆர்டர்களின் சேதமும் அந்தக் கணக்கோடு நிற்கும். முதன்மைக் கணக்கின் கடவுச்சொல்லே பறிபோனால் துணைக் கணக்குகளின் சுவர் எதற்கும் உதவாது, ஏனென்றால் முதன்மைக் கணக்குக்கு அவை அனைத்தும் திறந்த கதவுகளே. எக்ஸ்சேஞ்ச் விழுந்தாலும் அப்படித்தான். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவால் மனு தாக்கல் செய்தபோது, துணைக் கணக்குகளில் பிரித்து வைத்திருந்தவர்களும் ஒரே கணக்கில் வைத்திருந்தவர்களும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள்.

இரண்டு துணைக் கணக்குகளில் இரண்டு ஏஜென்ட்கள் எதிரெதிராக வர்த்தகம் செய்தால்?

ஒரே உரிமையாளரின் இரண்டு கணக்குகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்குவது, வேண்டுமென்றே நடந்தால் போலி வர்த்தகம். எக்ஸ்சேஞ்ச்களின் விதிகள் அதைத் தடை செய்கின்றன, பல நாடுகளின் சட்டமும் அப்படியே. தற்செயலாக நடந்தாலும் கண்காணிப்பு அமைப்புக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், சுயவர்த்தகத் தடுப்பு என்ற அமைப்பைப் பெரிய எக்ஸ்சேஞ்ச்கள் தருகின்றன. அது ஒரே துணைக் கணக்குக்குள் மட்டும் பொருந்துகிறதா, முதன்மைக் கணக்கின் கீழுள்ள அனைத்துக்கும் பொருந்துகிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு இயக்குங்கள். இரண்டு ஏஜென்ட்களுக்கும் வெவ்வேறு இணைகளை ஒதுக்கிவிட்டால் இந்தக் கவலையே எழாது.

கட்டணமும் கோரிக்கை வரம்பும் கூடுமா?

துணைக் கணக்குகளின் வர்த்தக அளவு பொதுவாக முதன்மைக் கணக்கோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டு ஒரே கட்டண நிலை தரப்படும். ஐபிக்கான வரம்பு எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்தே எண்ணப்படும். வரம்பைத் தாண்டுவதற்காகவே கணக்குகளைப் பெருக்குவதில் பயன் குறைவு.

குடும்பத்தினருக்கோ நண்பருக்கோ ஒரு துணைக் கணக்கைக் கொடுக்கலாமா?

தனிநபர் கணக்கில் கூடாது. அடையாளச் சரிபார்ப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. அவர் செய்யும் வர்த்தகமும் அதன் வரியும் சட்டத்தின் பார்வையில் உங்களுடையவை. பிறர் பணத்தை ஏஜென்ட் கொண்டு நிர்வகிப்பது பல நாடுகளில் உரிமம் தேவைப்படும் தொழில்.

வேலை முடிந்த துணைக் கணக்கை எப்படி மூடுவது?

வரிசை மாறினால் சிக்கல் வரும் என்பதால் இதை ஏஜென்டிடம் ஒரே கட்டளையாக விடாமல் படிப்படியாகச் செய்யுங்கள். நிலுவை ஆர்டர்களை ரத்து செய்து, திறந்த நிலைகளை மூடி, மீதமுள்ள இருப்பை முதன்மைக் கணக்குக்கு மாற்றுங்கள். ஆர்டர்களில் மாட்டியிருக்கும் பணத்தை மாற்ற முடியாது, அதனால்தான் ரத்து முதலில் வருகிறது. வர்த்தக வரலாற்றைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் வரிக் கணக்குக்குப் பின்னால் அது வேண்டியிருக்கும். நீக்கிய கணக்கிலிருந்து எடுப்பது எளிதாக இருக்காது. பிறகு சாவிகளை நீக்கி, இறுதியாகக் கணக்கை நீக்கவோ முடக்கவோ செய்யுங்கள். இருப்பு பூச்சியமாகாத கணக்கை நீக்க விடாத எக்ஸ்சேஞ்ச்கள் உண்டு. நீக்கவே விடாமல் முடக்க மட்டும் அனுமதிப்பவையும் உண்டு.

அந்தக் கணக்குக்கென்று பணம் பெறும் முகவரி வாங்கியிருந்தால், உங்கள் மற்ற வாலட்களிலும் வேறு எக்ஸ்சேஞ்ச்களின் அனுமதிப் பட்டியல்களிலும் சேமித்து வைத்த அந்த முகவரியை அழித்துவிடுங்கள். மூடிய கணக்கின் முகவரிக்கு மறந்துபோய் அனுப்பிய நாணயத்தை மீட்க, உதவிப் பிரிவுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.